பதினாலாம் கட்டிலுக்குப் பச்சை

அந்த அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் தங்கமான மனுஷி என்றுதான் சொல்வேன். சொன்ன கையோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். என் கணவருக்கு இது நன்றாகத் தெரியும். எட்டு வருடங்களாக எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. இங்கேயும் எடுக்கப்போவதில்லை.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் நாங்கள் இருவரும் நர்ஸ். ஒரே வார்டு, ஒரே பதவி. வயதில் என்னைவிட ஆறு வருடம் மூத்தவர் என்பதால் அக்கா. அவர் தாம்பரம், நான் பெருங்களத்தூர். டியூட்டி முடிந்து ஒரே ரயிலில் திரும்புவோம். எந்தப் பெட்டியில் ஏறினால் தாம்பரத்தில் படிக்கட்டுக்கு நேர் எதிரே இறங்கலாம் என்பது அவருக்குத் தெரியும். எந்த மருந்துக் கடையில் எந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில். யாரும் தேவைக்கு மேல் ஓர் அடி எடுத்து வைப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக அவர் எத்தனை அடி வேண்டுமானாலும் நடப்பார். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் எல்லோருடைய டப்பாவையும் அவரே கீழே எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வருவார், அதுவும் லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில்.

ஜெபம்கூட அவருக்குச் சுருக்கம்தான். டப்பாவைத் திறந்துவிட்டு, கண்ணைத் திறந்தபடியே உதடு இரண்டு முறை அசையும், முடிந்தது. கண்ணை மூடினால் என்ன என்று கேட்டேன். கட்டில் மணி அடித்தால் விளக்கு எரிவது தெரியாதே என்றார். சாமிக்கு நம் கஷ்டம் தெரியாதா, விளக்கமாகச் சொல்லி அவரையும் ஏன் காக்க வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரிப்போம்.

தண்டவாள விஷயத்துக்கு மட்டும் நான் சிரித்ததில்லை. அப்போது எனக்கு ஐந்து மாதம். ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. அக்கா கவனித்துவிட்டார். மறுநாள் என் கையைப் பிடித்து, நாலு பேர் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். வேண்டாம் அக்கா என்றேன். "ரெண்டு பக்கமும் நான் பாக்கறேன், நீ கால மட்டும் பாத்து வை" என்றார். இரண்டாவது தண்டவாளத்தில் கால் வைத்தபோது ஹாரன் சத்தம். எந்தப் பக்கமிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. ஜல்லியில் செருப்பு புரண்டது. மணிக்கட்டு கழன்றுவிடும் போல ஒரே இழுப்பு இழுத்து அவர் என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரயில் போகும்வரை என்னைச் சுவரோடு சேர்த்து, தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "பாத்தியா, நாலு நிமிஷம் மிச்சம்" என்றார். ரயிலில் அவர் பக்கத்தில் உட்காராமல் எதிரே போய் உட்கார்ந்தேன். எனக்கு வந்தது கோபமா பயமா என்று அன்றைக்குத் தெரியவில்லை. அவர் என்னைக் காப்பாற்றினார் என்பது உண்மை. என்னை அங்கே கூட்டிப்போனதும் அவர்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

இனி அக்கா ஒட்டிய ஒரு நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் புதிதாக பார்கோடு முறை வந்திருந்தது. நோயாளி சேர்ந்தவுடன் அவர் பெயர், வயது, எண், கீழே கறுப்புக் கோடுகள் எல்லாம் அச்சடித்த ஒரு பட்டையைக் கையில் கட்டிவிடுவோம். ஊசியோ மாத்திரையோ கொடுக்கும்போது முதலில் மருந்தின் கோட்டையும், பிறகு நோயாளியின் கைப்பட்டையையும் ஸ்கேனரில் காட்ட வேண்டும். இரண்டும் பொருந்தினால் கம்ப்யூட்டரில் பச்சை டிக் விழும். பொருந்தாவிட்டால் சிவப்பு. ஆள் மாறி மருந்து போகக் கூடாது, அதற்குத்தான் இத்தனையும்.

சொல்ல நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் ஒரு தள்ளுவண்டியில் இருந்தன. அந்த வண்டியின் முன்சக்கரம் ஒன்று திரும்பாது. வார்டு நீளமானது, பதினாறு கட்டில். ஒன்பதாவது கட்டிலைத் தாண்டினால் வைஃபை எடுக்காது. பட்டையோ மணிக்கட்டில் வளைந்து, வியர்வையில் ஊறி, கோடுகள் தேய்ந்திருக்கும். ஐந்தாறு தடவை காட்டினால் ஒரு தடவை பிடிக்கும். தூங்குகிறவரின் கையைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்தால் வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள். போதாக்குறைக்கு, எந்த வார்டில் எத்தனை மருந்து ஸ்கேன் ஆகியிருக்கிறது என்று மாதாமாதம் கணக்கெடுத்துப் பலகையில் ஒட்டுவார்கள். எங்கள் வார்டு எப்போதும் கடைசி.

ஆறாம் மாதம் முடியும்போது என் கால்கள் வீங்கிவிட்டன. சாயங்காலம் செருப்பு நுழையாது. வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன் என்றால் எழுந்திருக்க முடியாது. அக்கா ஒரு நாள் என் காலைக் குனிந்து பார்த்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நர்ஸ் மேசையில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. பட்டை அச்சடிக்கிற மிஷினில் ஒவ்வொரு நோயாளிக்கும் இன்னொரு ஸ்டிக்கர் எடுத்து, கட்டில் வரிசைப்படி அதில் ஒட்டியிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாறு வரை. கோடுகள் மடங்காமல், நனையாமல், புத்தம் புதிதாக. "உக்காந்த இடத்துலயே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடு. அப்புறம் ஊசிய மட்டும் கைல எடுத்துக்கிட்டுப் போ. அந்த வண்டி இங்கயே நிக்கட்டும், இனிமே நீ இழுக்கக் கூடாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அம்மா செத்துப்போனதற்குப் பிறகு என் காலை அப்படிக் கவனித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஒரு வாரத்தில் வார்டில் எல்லோரும் அந்த நோட்டைத்தான் பயன்படுத்தினார்கள். கல்யாண ஆல்பம் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டோம். தினமும் காலையில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒட்டுவதும், வீட்டுக்குப் போனவர்களைக் கிழிப்பதும் அக்காவின் வேலை. ஒரு நாளும் தவறியதில்லை. அந்த மாதம் பலகையில் எங்கள் வார்டு முதலிடம். நிர்வாகத்திலிருந்து கேக் வந்தது. எப்படிச் செய்தீர்கள் என்று மேல்மாடி வார்டு சிஸ்டர்கள் கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் மட்டும் என் பங்குக் கேக்கை டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். நாங்கள் ஏமாற்றவில்லை, சரியான மருந்தைச் சரியான ஆளுக்குத்தானே கொடுக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு பழக்கம் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஊசி போடுவதற்கு முன் உங்கள் பெயர் என்ன என்று கேட்போம். நர்சிங் முதல் வருடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பச்சை விழுந்த பிறகு பெயர் எதற்கு என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு எனக்கு ஏழு மாதம் முடிந்து நாலு நாள்.

பதினாலாம் கட்டிலில் சேலையூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோய், காலில் புண். மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். பதினோராம் கட்டிலில் மாடம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். குடலிறக்கத்துக்கு மூன்று மணிக்கு ஆபரேஷன். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. இரண்டு பேரும் நான் விடுப்பில் இருந்த நாட்களில் வந்து சேர்ந்தவர்கள், முகம் எனக்குப் பழக்கமில்லை.

பதினாலாம் கட்டிலுக்கு நேர் மேலே ஏசி. குளிர் தலையில் இறங்குகிறது என்று வாத்தியார் இருமிக்கொண்டிருந்தார். பதினொரு மணி வாக்கில் ஆட்டோக்காரரின் மனைவியும் வாத்தியாரின் மருமகளும் அவர்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்து கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். தலையணை, தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை எல்லாம் இடம் மாறின. ட்ரிப்ஸ் தாங்கியைக்கூட அவர்களே தள்ளிக்கொண்டு போனார்களாம். சிஸ்டர்களுக்கு வேறு வேலை இருக்கும், ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் வார்டில் கட்டில் மாறுவது புதிதில்லை. ஆனால் அன்று காலை ஏழு மணிக்கு ஒட்டிய ஆல்பத்தில் கட்டில்கள் மாறவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு இன்சுலினை எடுத்தேன். மருந்தின் கோடு, பிறகு ஆல்பத்தில் பதினாலு. பச்சை. எழுந்து நடந்தேன். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடியிருந்தார். சட்டையைத் தூக்குங்கள் என்றேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி போடுறதா சிஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. விழுந்தும் அது என்ன என்று நான் நின்று யோசிக்கவில்லை. அடுத்த கட்டிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ம் என்றேன். வயிற்றில் போட்டேன்.

கால் மணி நேரம் கழித்துப் பதினோராம் கட்டில் மணி அடித்தது. போனேன். வாத்தியார் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாடு வந்துவிட்டது, இன்னும் ஊசி போடவில்லையே அம்மா என்றார். அவர் மணிக்கட்டைப் புரட்டிப் பட்டையைப் படித்தேன். ஆல்பத்தில் பதினாலுக்கு எதிரே இருந்த பெயர். வயிற்றுக்குள் குழந்தை ஒரு பக்கமாகப் புரண்டது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது, அவ்வளவுதான். சுகர் பார்க்கிற மிஷினை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆட்டோக்காரருக்கு எண்பத்தெட்டு காட்டியது, இன்சுலின் வேலை செய்யச் செய்ய இன்னும் இறங்கும். அவருடைய மூளை எப்போதும் போல வழி தேட ஆரம்பித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த உப்புத் தண்ணீர் ட்ரிப்ஸைக் கழற்றிவிட்டுக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார். என்னைச் சுவரோரமாக இழுத்துப்போய் நிறுத்தினார்.

"இங்க பாரு. குளுக்கோஸ் ஏறுது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ நான் பாக்கறேன். வாத்தியாருக்கு டோஸ் நான் போட்டுடறேன். கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே பச்சைதான் இருக்கு. யாருக்கும் தெரியாது."

டாக்டரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். சொன்னால் முதலில் போவது உன் வேலை, அப்புறம் உன் சர்டிபிகேட், இந்த நிலைமையில் உனக்கு இதெல்லாம் தேவையா என்றார். நான் தலையாட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஒரு மனிதனின் உடம்பில் நான் போட்ட விஷம் வேலை செய்துகொண்டிருக்கிறது, நான் தலையாட்டினேன். பயம் என்னை அப்படி ஆக்கியிருந்தது.

ஒன்றே காலுக்கு எழுபத்தொன்று. பாட்டிலை வேகமாகத் திறந்துவிட்டார். ஒன்றரைக்கு அறுபத்தாறு. அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. ஒன்றே முக்காலுக்குத் தியேட்டர் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. அதற்கு முன் இருந்த ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டதாம், மூன்று மணி ஆளை இப்போதே அனுப்பச் சொன்னார்கள். அக்கா என் காதோரம், மேலே மயக்க டாக்டர் எப்படியும் சுகர் பார்ப்பார் என்றார். பார்க்காவிட்டால்? மயக்கம் கொடுத்த பிறகு சுகர் எவ்வளவு இறங்கினாலும் வெளியே தெரியாது. வியர்க்கிறது, படபடக்கிறது என்று சொல்ல அந்த ஆள் விழித்திருக்க மாட்டார். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஆட்டோக்காரரைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். ஏசிக்கு நேர் கீழே படுத்திருந்தவருக்கு மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"இன்னா சிஸ்டர், நீ ரெண்டு பேரா தெர்ற" என்றார்.

அவர் மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து, பயப்படாத, சிஸ்டருங்க கீறாங்கல்ல என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்து நிறுத்தினேன். மேசைக்குப் போய் போனை எடுத்து டியூட்டி டாக்டரிடம், ஆள் மாற்றி இன்சுலின் போட்டுவிட்டேன், நான்தான் போட்டேன், உடனே வாருங்கள் என்றேன். வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னேன் என்று பிறகு சொன்னார்கள்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதற்குள் மருந்து அலமாரியைத் திறந்து கெட்டிக் குளுக்கோஸை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ட்ரிப்ஸ் ஊசி குத்தியிருந்த இடம் வீங்கிப் போயிருந்தது, அதுவரை குளுக்கோஸ் சரியாக உள்ளே ஏறவே இல்லை. குளிர்ந்த கையில் நரம்பே தெரியவில்லை. ஒரே குத்தில் பிடித்தார். டாக்டர் படியேறி ஓடிவருவதற்குள் பாதி மருந்து உள்ளே போயிருந்தது. நாற்பத்தொன்பது வரை இறங்கியிருந்த சுகர் மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். சாயங்காலம் அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றும் ஒரே ரயிலில்தான் திரும்பினோம். தாம்பரத்தில் இறங்கும் முன் அவர் என் தோளில் கை வைத்து, போய்க் காலை உயரமாக வைத்துப் படு என்றார்.

நாலாம் நாள் விசாரணை. மருத்துவமனை நிர்வாகி, நர்சிங் சூப்பரின்டென்டன்ட், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர். ஆண்கள் வார்டு நர்ஸ்கள் ஏழு பேரும் வரிசையாக நின்றோம். என் வயிற்றைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்கள். கம்ப்யூட்டர்காரர் ஒரு தாளை நீட்டினார். பதினாறு கட்டிலுக்கான ஸ்கேனும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்திருக்கிறது, தினமும், மூன்று வேளையும். கட்டிலுக்குக் கட்டில் பறந்து போனீர்களா என்று கேட்டார். சூப்பரின்டென்டன்ட் மேசை இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேலே வைத்தார்.

இதை யார் செய்தது என்று நிர்வாகி கேட்டார். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். தவறு செய்தவள் நான், ஊசி போட்டவள் நான், அதனால் அவர் என்னைத்தான் பார்த்தார். உண்மையைச் சொன்னால் உனக்கு ஒரு மெமோவோடு போகும், லீவில் போய்ப் பிள்ளை பெற்று வரலாம் என்று சூப்பரின்டென்டன்ட் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

"அக்காதான் சார்" என்றேன்.

அது உண்மை. பாதி உண்மை. எனக்காகத்தான் செய்தார் என்ற மீதிப் பாதியை அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்றுகூட உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், அப்போது நானும் ஆமாம் என்று சொல்லிவிடலாம் அல்லவா. ஒருவர் மேல் இரக்கப்பட்டுச் செய்தது என்று தெரிந்தால் அவரை அவ்வளவு எளிதாக வெளியே அனுப்ப மாட்டார்கள்.

நிர்வாகி அக்காவின் பக்கம் திரும்பினார். பத்து வருடம் சர்வீஸ், ஒரு புகார் இல்லை, எதற்காக இந்த வேலையைச் செய்தீர்கள் என்று கேட்டார். அக்கா முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குக் கீழே, செருப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். இன்றைக்கு வீக்கம் எவ்வளவு என்று கவனிப்பது போலத்தான் பார்த்தார்.

"எனக்கு நடக்கச் சோம்பல், சார்" என்றார்.

அப்படியே எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துக்காகத் தாள் வரிசையில் ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. என் மடிக்கு வந்தபோது அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பேனாவை யாரோ நீட்டினார்கள், கீழே என் பெயரை எழுதி அடுத்தவரிடம் கொடுத்தேன்.